வானத்தில் விழுந்த படிக்கட்டுகள்

18 ஜனவரி 2025

சென்ற வாரம் கன்னியாகுமரியில் சூரியன் எழுந்த சற்று நேரத்தில் எடுத்த படத்தைத் திருத்துவதற்கு இன்றிரவு உட்கார்ந்தேன். வெளுத்திருந்த வானத்தை அடக்க மேலிருந்து, கீழே வர வர விளைவு மங்கும் ஒரு கிராஜுவேட்டட் ஃபில்டரை இழுத்து, எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, ஒன்றரை ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), மூட்டத்தை விலக்கும் டீஹேஸை 50 வரை ஏற்றினேன். வானம் நிறம் பெற்றது. ஆனால் 133 அடி உயர வள்ளுவர் சிலையின் தலையும் தோளும் கரியாகிப் போக, அடிப்பீடத்தில் மட்டுமே கல்லின் நிறம் எஞ்சியது. போதாக்குறைக்கு, வானத்தில் படிக்கட்டுகளைப் போலப் பட்டைகள் வேறு.

19 ஜனவரி

பட்டைகளை முதலில் எடுத்துக்கொண்டேன். ஸ்லைடர்களை ஒவ்வொன்றாகச் சுழியத்துக்குக் கொண்டுவந்து பார்த்ததில், டீஹேஸை ஏற்றும்போதுதான் அவை தடித்தன. ஆனால் டீஹேஸ் புதிதாகப் பட்டையை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பெரிதாக்கியது என்பது கோப்பின் பெயரைக் கவனித்தபோதுதான் விளங்கியது: நான் திறந்திருந்தது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு அன்று, கேமரா அதனுடன் சேர்த்துச் சுருக்கிப் பதிந்த ஜேபெக். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. என் கேமராவின் 14 பிட் ராவில் 16,384. வானத்தின் நீலம் 2,000 பிக்சல் உயரத்தில் நாற்பது படிகள் மட்டுமே மாறுகிறது என்றால், ஒவ்வொரு படியும் ஐம்பது பிக்சல் அகலப் பட்டையாக நிற்கும். அந்தப் படிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை டீஹேஸ் இழுத்து விரித்தால் கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ராவைத் திறந்து அதே ஃபில்டரை இட்டதும் பெரும்பாலான பட்டைகள் மறைந்தன.

20 ஜனவரி

இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விடாப்பிடியாக நின்றன. நிறம் அளக்கும் கருவியை அவற்றின் மேல் நகர்த்தியபோது எண்கள் தாவாமல் ஒவ்வொன்றாகவே மாறின, அதாவது கோப்பில் பட்டை இல்லை. நண்பரின் நல்ல திரையில் கோடுகளே இல்லை. குற்றம் என் பழைய மடிக்கணினித் திரையுடையது. அதைப் படத்தில் திருத்தப் புகுந்திருந்தால் ஓர் இரவு வீணாகியிருக்கும்.

22 ஜனவரி

சிலைக்கு வருகிறேன். ஃபில்டரிலிருந்து சிலையைத் தூரிகையால் கழித்தேன். தோளைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றியது. தூரிகையின் மென்மையான ஓரம் வானத்துக்குள்ளும் கசிந்து, அங்கே வானம் கருக்காமல் விடப்பட்டதே காரணம். தூரிகையை அழித்துவிட்டு, ஃபில்டர் வெளிச்சமான பகுதிகளில் மட்டும் வேலை செய்யும்படி ஒளி வரம்பு மாஸ்க்கைச் சேர்த்தேன். வரம்பின் எல்லையை இறுக்கமாக வைத்ததால் சிலையின் விளிம்பு உப்புத் தூவியதுபோல் பொரிந்தது. எல்லையை அகலமாக்கியதும் அடங்கியது. இருந்தும் நூலிழை அளவு வெளுப்பு தங்கியது. எக்ஸ்போஷரை 0.8 ஸ்டாப்புக்குத் தளர்த்தியபோது அதுவும் போயிற்று. ஒன்றரை ஸ்டாப் கேட்டது என் பேராசைதான்.

23 ஜனவரி

இடது மேல்மூலையில் மூன்று சாம்பல் புள்ளிகள். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/16இல் எடுத்ததால் சென்சாரில் படிந்த தூசி தெளிவாக விழுந்திருக்கிறது. டீஹேஸ் அதை மேலும் துலக்கிவிட்டது. ஹீலிங் தூரிகையால் துடைத்தேன். காற்றூதும் பம்ப் வாங்க வேண்டும்.

25 ஜனவரி

ஜேபெக்காக ஏற்றுமதி செய்ததும் அடிவானத்துக்கு மேலே பட்டைகள் லேசாகத் திரும்பிவிட்டன. இறுதிக் கோப்பு மீண்டும் 8 பிட், அதாவது அதே 256 படிகள்தானே. வானத்தில் மணல்போன்ற பொடிப்புள்ளிகளான கிரெயினைச் சிறிதளவு சேர்த்தேன். படிகளின் ஓரங்களை அந்த மணல் உடைத்துவிட்டதால், இப்போது கைபேசியிலும் வானம் வழவழப்பாகத் தெரிகிறது. கடலுக்கென்று இழுக்க நினைத்திருந்த இரண்டாவது ஃபில்டரை இழுக்கவில்லை.