பிஸ்டனின் வேகத்தைப் பென்சிலால் அளப்பது

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் டூல், அதாவது தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சு, வடிவமைப்பது என் வேலை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலஹள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் கூடிப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: “அண்ணா, பிஸ்டனின் வேகத்துக்குச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. பிறகு எதற்கு வரைய வேண்டும்?”

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சுழலும் கிராங்கையும் நேராக ஓடும் பிஸ்டனையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராட். அது நீளாது, குறுகாது. வேகங்களை அளவுக்கேற்ற கோடுகளாக வரையும் திசைவேக வரைபடம் முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. ராடின் இரு முனைகளும் வெவ்வேறு வேகத்தில் ஓடலாம். ஆனால் ராடின் நீளவாக்கில் ஒன்றைவிட்டு ஒன்று விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது. ஆகவே ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனையின் வேகம் ராடுக்குச் செங்குத்தாக மட்டுமே இருக்கும். கஸ்தூரிபா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரையா அருங்காட்சியகத்தின் எஞ்சின் கூடத்துக்குப் போகிறவர்கள், பிஸ்டனை விட்டுவிட்டு ராடை மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அது புரிந்துவிட்டால் மற்றது வெறும் கோடுதான்.

கிராங்க் ஆரம் 50 மி.மீ., ராட் 200 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ராடும் கிராங்கும் சேரும் கிராங்க் பின்னின் வேகம் நொடிக்கு 7.85 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டரை 10 மி.மீ. என்ற அளவில் வரைந்தால், o என்ற புள்ளியிலிருந்து கிராங்குக்குச் செங்குத்தாக 78.5 மி.மீ. நீளத்தில் oa கோடு. a வழியாக ராடுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. o வழியாக பிஸ்டன் ஓடும் பாதைக்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் b; oab ஒரு முக்கோணம். அவ்வளவுதான். கிராங்க் டாப் டெட் சென்டரை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கடந்து 60 டிகிரியில் இருக்கும்போது ob ஏறத்தாழ 76.7 மி.மீ. வரும், பிஸ்டனின் வேகம் 7.67 மீட்டர். ab 40 மி.மீ.; அது குறிக்கும் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தை ராடின் நீளத்தால் வகுத்தால், ராட் நொடிக்கு 20 ரேடியன் வீதம் திரும்புகிறது என்று தெரியும். அந்த இடத்தில் கிராங்க் ஒரு பக்கமும் ராட் எதிர்ப்பக்கமும் திரும்புவதால், கிராங்க் பின்னின் பேரிங், கிராங்கின் கோண வேகமான நொடிக்கு 157 ரேடியனுடன் 20-ஐயும் கூட்டிய வேகத்தில் உரசுகிறது. பேரிங் தேய்மானத்தைக் கணக்கிடுகிறவனுக்கு வேண்டிய எண் இது.

இப்போது கிராங்கை 120 டிகிரிக்குக் கொண்டுபோய் மறுபடி வரையுங்கள். பிஸ்டன் அடியில் நிற்கும் பாட்டம் டெட் சென்டரிலிருந்து பார்த்தால் இதுவும் 60 டிகிரிதான். ஆனால் பிஸ்டனின் வேகம் 5.93 மீட்டராகக் குறைந்துவிடும். இரண்டு முக்கோணங்களையும் பக்கத்தில் வைத்தால் காரணம் கண்ணிலேயே தெரியும்: ராட் மறுபுறம் சாயவில்லை, கிராங்கின் திசை மட்டும் மாறியிருக்கிறது. 90 டிகிரியில் பிஸ்டன், ஸ்ட்ரோக்கின் (அது ஓடும் முழு நீளத்தின்) பாதியான 50 மி.மீ.யைத் தாண்டி, உச்சியிலிருந்து 56 மி.மீ. வந்துவிடுகிறது. உச்ச வேகமும் 90-இல் கிடைப்பதில்லை; கிராங்கும் ராடும் ஏறக்குறைய செங்குத்தாகும் 77 டிகிரி வாக்கில் 8.1 மீட்டரை எட்டுகிறது. சூத்திரம் இந்த எண்களைத் தரும். ஏன் என்பதை வரைபடம்தான் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். தனியாக முக்கோணம் வரையவே வேண்டியதில்லை. கிராங்க் மையத்தில் ஸ்ட்ரோக் பாதைக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து, ராடை அதுவரை நீட்டினால் போதும். மையத்திலிருந்து அந்த வெட்டுப்புள்ளி வரையுள்ள நீளத்தைக் கிராங்கின் கோண வேகத்தால் பெருக்கினால் பிஸ்டனின் வேகம். முந்தைய 60 டிகிரிக்கு அந்த நீளம் 48.8 மி.மீ.; 157-ஆல் பெருக்கிப் பாருங்கள். திசைவேக முக்கோணம் 90 டிகிரி திரும்பி இயந்திரத்தின் படத்துக்குள்ளேயே கிடக்கிறது!

பிரஸ் பட்டறையில் இதே நீளம்தான் விசையைச் சொல்கிறது. கிராங்கால் ஓடும் பிரஸ்ஸில் பிஸ்டனின் இடத்தில் இருப்பது, தகட்டை அழுத்தும் ராம். உராய்வை ஒதுக்கிவிட்டால், கிராங்கின் முறுக்குவிசையை இந்த நீளத்தால் வகுத்தால் ராம் தரும் விசை. இதே அளவுள்ள பிரஸ் ஒன்றில் 120 டிகிரியில் 37.8 மி.மீ., 150 டிகிரியில் 19.5 மி.மீ.; அதே முறுக்குவிசைக்கு விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மெக்கானிக்கல் பிரஸ்ஸின் டன் அளவை, ஸ்ட்ரோக்கின் அடியிலிருந்து இவ்வளவு உயரத்தில் என்று சேர்த்துக் குறிப்பிடுவது இதனால்தான். ஆழமாக இழுக்க வேண்டிய பாகத்துக்கு டை வரைகிறவர்கள், ராம் தகட்டை முதலில் தொடும் இடத்தில் கிராங்க் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று குறித்துவிட்டு, அந்த இடத்துக்கு இந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள்.