பாறையில் ஒட்டிய தட்டான்

நம் பள்ளிக் காலத்தில் தட்டான்களுக்கு நாம் வைத்த பெயர்கள் எல்லாம் நிறத்தை வைத்துத்தான்: சிவப்புத் தட்டான், பச்சைத் தட்டான், நீலத் தட்டான். மைதானத்தில் பிடித்து வாலில் நூல் கட்டிய கைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆனால் நிறம்தான் தட்டானைத் தப்பாகக் காட்டிக்கொடுக்கும். தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் சின்ன ‘கிரவுண்ட் ஸ்கிம்மர்’ ஆண், இளமையில் கருங்கோடுகளோடு பச்சை மஞ்சளாக இருக்கும். முதிர்ந்தபின் உடலில் நீறு பூத்ததுபோல் நீலம் படரும். பச்சை ஒன்று, நீலம் ஒன்று என்று நாம் எண்ணியதில் பாதி, ஒரே பூச்சியின் இரண்டு வயது.

ஆகவே நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் உட்காரும் விதம். இறகை இருபக்கமும் விரித்தபடி இருந்தால் தட்டான். முதுகின் மேல் மடித்து, குச்சிபோல் மெலிந்திருந்தால் ஊசித்தட்டான். ஊசித்தட்டானிலும் ஒரு குடும்பம் இறகைப் பாதி விரித்தே உட்காரும் என்பதால், இந்த ஓர் அடையாளத்தோடு நிறுத்த வேண்டாம். அடுத்தது கண். பெரும்பாலான தட்டான்களுக்கு இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டியிருக்கும். ஊசித்தட்டானுக்கு விலகி, இரு பொத்தான்போல் நிற்கும். கண் விலகியிருந்தும் உடல் தடித்து, கறுப்பில் மஞ்சள் பட்டையோடு, ஏரிக்கரைக் குச்சியின் நுனியில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது ‘கிளப்டெயில்’. வால்முனைக்குச் சற்று முன்பு இலைபோன்ற சிறு மடல் விரிந்திருக்கும். விரட்டினாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துரத்தாமல் 1 நிமிடம் அசையாமல் நின்றால் போதும்.

நாம் ‘வால்’ என்றது உண்மையில் வயிறு. அதில் 10 கண்டங்கள். ஆணுக்கு 2, 3-ஆம் கண்டங்களின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். இறகின் முன்விளிம்பில், நுனிக்கு அருகே ஒரு சிறு பொட்டு உண்டு. அதன் நிறத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொட்டை வைத்தே கண்டுகொள்ளக்கூடியது பாறை நிறைந்த நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கென்றே வார்த்ததுபோன்ற தட்டான்: ‘கிரானைட் கோஸ்ட்’. கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் கலந்த உடலோடு, இறகைப் பாறையோடு அழுத்திப் படுத்துவிட்டால், ஒரு முழம் தள்ளி நின்றும் தெரியாது. பொட்டின் நடு கறுப்பு, இரு முனையும் வெள்ளை. பாறையைக் கண்ணால் துழாவுவதைவிட, சூரியன் சாய்வாக இருக்கும் காலையில் அதன் நிழலைத் தேடுவது சுலபம். குண்டும் குழியுமான கருங்கல் பாறை, வீட்டுச் சுவர், மதில் எல்லாம் அதற்கு ஒன்றுதான். மழைநீர் தேங்கும் பாறைக்குழியிலும் சிமெண்ட் தொட்டியிலும் முட்டையிடும். அதன் இளம்பூச்சி கொசுப்புழுவைத் தின்று வளரும். மாட்டுத் தொட்டியைக் கழுவும்முன் அடியில் பாருங்கள். மண்நிறத்தில் ஆறு கால்களோடு ஒன்று ஒட்டியிருந்தால், அதை ஒரு வாளித் தண்ணீரில் எடுத்து வைத்துவிட்டுக் கழுவலாம். சுவரில் முதுகு பிளந்து காய்ந்த சட்டை இருந்தால், அது ஏற்கெனவே பறந்துவிட்டது.

சிவப்புகளைப் பிரிப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும். இரத்தச் சிவப்பாய், வயிற்றின் மேல் நெடுக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடினால் ‘ஸ்கார்லெட் ஸ்கிம்மர்’. சிவப்பில் ரோஜா கலந்து, இறகு நரம்பும் சிவந்து, கால் கறுத்திருந்தால் ‘கிரிம்சன் மார்ஷ் கிளைடர்’. இறகிலேயே அகலமாக ஆரஞ்சு படர்ந்திருந்தால் ‘டிட்ச் ஜூவல்’. சாக்கடை கலந்த தண்ணீரிலும் இது தாக்குப்பிடிக்கும். ஓர் ஏரியில் இது மட்டுமே கூட்டமாகத் திரிந்து மற்றவை இல்லையென்றால், அந்தத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

தட்டான் பார்க்கப் போகும் நேரம் காலை 9 முதல் 11 வரை. அதற்குமுன் இறகு சூடேறாமல் புல்லில் தொங்கும். படம் எடுக்க அதுவும் நல்லதே. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வயிற்றைச் சூரியனை நோக்கி நிமிர்த்தித் தலைகீழாக நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைக்கும் வழி அது, நோய் அல்ல. 2 மீட்டர் அருகிலும் தெளிவு கிடைக்கிற 8 மடங்கு பைனாகுலர் போதும். செல்போனில் எடுப்பவர்கள் 3 படம் எடுக்க வேண்டும்: மேலிருந்து, பக்கவாட்டில், வால்முனை. பலர் மேலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மார்பின் பக்கக்கோடு தெரியாமல் பெயர் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். நம் நிழல் அதன்மேல் விழுந்தால் எழுந்துவிடும். குனிந்து, வெயில் முகத்தில் படும்படி நெருங்க வேண்டும். இடம், தேதி, நேரம், ஓடும் தண்ணீரா தேங்கியதா, உட்கார்ந்தது கல்லா புல்லா என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி அணை ஓரம், பாரூர் ஏரி, பஞ்சப்பள்ளி, வாணியாறு எங்கும் பார்க்கலாம். ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கம் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.

தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் ‘வாண்டரிங் கிளைடர்’ கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த ஆரஞ்சு உடல், அகன்ற பின்னிறகு. உட்காருவது அபூர்வம், உட்கார்ந்தால் கிளையிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். மழைக்காற்றோடு வந்து, புதிதாகத் தேங்கிய குட்டையில் முட்டையிடும். குட்டை வற்றுமுன் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீரென்று நம்பி அங்கேயும் முட்டையிட்டு ஏமாறுவதுண்டு. அக்டோபரில் இவை மாலத்தீவில் பெருங்கூட்டமாக இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இதே இனம் உண்டு. அங்கே இருக்கும் நம் பள்ளித் தோழர்கள் மழைக்குப் பின் விளையாட்டுத் திடலின் மேல் அலையும் கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். தேதியோடு குறித்தும் வைக்கட்டும்.