திப்பி நாத்தமும் 7680 குழியும்

பிப்ரவரி 11
ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்கு காலைல ஏழு மணிக்கே போயாச்சு. மரவள்ளிக் கிழங்க அரைச்சு மாவு எடுத்தப்புறம் மிஞ்சுற திப்பிய காயப்போட்டிருக்காங்க, பக்கத்துலயே கழிவுத்தண்ணி தேங்குற குட்டை, அந்தப் புளிச்ச நாத்தம் துப்பட்டாவ விட்டு போகவே இல்ல, பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா எந்திரிச்சு வேற இடம் பாத்துட்டாங்க. வருஷக்கணக்கா மாவுத்தண்ணி ஊறுன மண்ணு. அங்க இருக்குற கிருமிக்கு சோறே ஸ்டார்ச்சுதான், அப்போ அத உடைக்கிற அமைலேஸ்ங்கற என்சைம் வகைவகையா வச்சிருக்கும்னு ஒரு நப்பாசை. ஆறு டியூப் மண்ணு ஐஸ் பெட்டில.

பிப்ரவரி 13
மண்ண அப்படியே தட்டுல போட்டு வளத்துப் பாக்க வேண்டியதுதானன்னு சித்தப்பா கேக்குறாரு. வளராதுங்க சித்தப்பா. மண்ணுல இருக்குறதுல பெரும்பாலானது நம்ம தட்டுல எட்டிக்கூட பாக்காது. அதனால ஆள விட்டுட்டு மொத்த டிஎன்ஏவையும் உருவி, துண்டாக்கி, ஈ.கோலைங்கற லேப் பாக்டீரியாவுக்குள்ள ஏத்தி, அத விட்டு வேலை வாங்குறோம். இந்த மொத்த டிஎன்ஏவுக்கு மெட்டாஜீனோம்னு 1998ல பேரு வச்சது ஜோ ஹேண்டல்ஸ்மன் குழு. ஒசாகா பல்கலைக்கழகத்துல இலைதழை மக்குன உரத்துலருந்து இதே மாதிரி தேடி ஒரு என்சைம் எடுத்தாங்க, 2012ல பேப்பர் வந்துச்சு, அத மாத்தியமைச்சு 2020ல பிரெஞ்சுக்காரங்க பெட் (தண்ணி பாட்டில்) பிளாஸ்டிக்க 10 மணி நேரத்துல 90 சதவீதம் உடைச்சுக் காட்டுனாங்க. குப்பைமேட்டு சரக்கு!

பிப்ரவரி 20
சொதப்பிட்டேன். சீக்கிரம் முடியுமேன்னு சின்னச் சின்ன மணி (பீட்ஸ்) போட்டு குலுக்குற கிட்ல எடுத்தேன், டிஎன்ஏ நொறுங்கி நாசம். எங்களுக்கு வேணுங்கறது 40 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு, அதுதான் பாஸ்மிட்ல (துண்ட ஈ.கோலைக்குள்ள சுமந்துட்டுப் போற வண்டி) உக்காரும். திரும்பவும் மொதல்லருந்து, எஸ்டிஎஸ், புரோட்டினேஸ் கே, சிடிஏபின்னு செல்ல உடைச்சு அழுக்க நீக்குற சரக்கெல்லாம் போட்டு, குலுக்காம பதமா, பிப்பெட் நுனிய வெட்டிவிட்டு. இந்தத் தடவை நீளம் வந்துச்சு, ஆனா கலரு டீ டிகாஷன். ஹியூமிக் ஆசிட், மண்ணோட சொத்து. அது கூட இருந்தா அடுத்து போடுற என்சைம் சரியா வேலை செய்யாது. ஜெல்ல ஓட்டிப் பிரிக்கணும், ராத்திரி பூரா.

மார்ச் 9
லைப்ரரி (துண்டு ஏத்துன ஈ.கோலையோட தொகுப்பு) ரெடி. 384 குழி பிளேட் 20, ஆக 7680 குளோன், ஒவ்வொண்ணுலயும் ஒரு மண்ணு டிஎன்ஏ துண்டு. பெருமையா இருந்துச்சு, கணக்கு போட்டேன், பெருமை போச்சு. எல்லாம் சேத்தா சுமார் 30 கோடி எழுத்து, அதாவது அறுபது பாக்டீரியா ஜீனோம் அளவு. ஒரு கிராம் மண்ணுல ஆயிரக்கணக்குல வகை இருக்கு. கடல்ல ஒரு சொம்பு மொண்ட கதைதான்.

மார்ச் 22
ஸ்டார்ச் கலந்த அகார் ஜெல்லில எல்லாத்தையும் நட்டு, வளந்தப்புறம் அயோடின் ஊத்தணும். தட்டு பூரா கருநீலமாயிடும், ஸ்டார்ச் கரைஞ்ச எடத்துல மட்டும் வெள்ளையா வளையம் விழும். அயோடின் பட்டா குளோன் செத்துரும், அதனால நகல் தட்டு இல்லாம ஊத்தவே கூடாது (போன வருஷம் ஒருத்தர் ஊத்திட்டு அழுதாரு, அந்த ஒருத்தர் நான்தான்). பதினேழு பிளேட் வரைக்கும் ஒண்ணுமில்ல. பதினெட்டாவதுல மூணு வளையம், கத்திட்டேன்.

மார்ச் 27
வளையம் அந்தத் துண்டாலதானான்னு பாக்க, மூணுலருந்தும் பாஸ்மிட்ட எடுத்து புது ஈ.கோலைல ஏத்துனேன். ரெண்டு புஸ். ஒண்ணு நிக்குது.

மார்ச் 29
இந்த அமைலேஸ 60 டிகிரில வச்சா பத்து நிமிஷத்துல செத்துருது. சூடு தாங்குற அமைலேஸ் ஏற்கனவே பாசில்லஸ் பாக்டீரியாலருந்து மார்க்கெட்ல கெடக்கு, இத யாரு சீண்டுவான்னு போன்ல பொலம்புனேன். அப்பாவுக்கு குமாரபாளையத்துல சைசிங் மில்லு வேலை, பாவு நூலுக்கு கஞ்சி போடுறது அவரு, அந்தக் கஞ்சிய சாயம் போடுறதுக்கு முன்னாடி எடுக்கத்தான் அமைலேஸே.

"ஏங்கண்ணு, பச்சத்தண்ணில கஞ்சி போகுமா?"
"30 டிகிரில நல்லா உடைக்குதுங்ப்பா."
"அப்போ பாய்லருக்கு வெறகு மிச்சமாச்சே. எவ்ளோ நேரம் ஆகும்?"

அத நான் பாக்கவே இல்ல. நாளைக்கு கஞ்சி போட்ட துணி ரெண்டு மீட்டர் பஸ்ல குடுத்து விடுறாராம்.