வாயு மாறிலியும் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரும்

பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலில் வாயு நிலைமை ஆறாவது பாடம், வெப்ப இயக்கவியல் ஏழாவது பாடம், கரைசல்கள் ஒன்பதாவது பாடம். முதல் இரண்டும் முதல் தொகுதியிலும் மூன்றாவது இரண்டாம் தொகுதியிலும் இருப்பதால், கரைசல்களுக்கு வந்து சேரும்போது வாயு விதிகள் பிள்ளைகளின் நினைவிலிருந்து பெரும்பாலும் நழுவிப் போயிருக்கின்றன. சத்துவாச்சாரியில் மாலை வேளையில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, இந்த மூன்றும் ஒரே பாடம் என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வலுப்பட்டுவருகிறது. அந்த ஒற்றுமையைக் காட்டுவதற்கு, தோல் பதனிடும் ஊர்களான வேலூரையும் ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது என்பதே இந்தப் பதிவை எழுதத் தூண்டியது.

நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே நல்ல நீர் கரைசலுக்குள் நுழைவதைத் தடுக்கத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். அதற்கான சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஏன் மிஸ், இந்த ஆர் காத்துக்குப் போட்டதாச்சே? உப்புத் தண்ணிக்கு எதுக்குப் போடறோம்?" மிகச் சரியான கேள்வி. வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் வெப்பநிலையையும் இணைக்கும் அதே மாறிலி, ஒரு குவளைக் கரைசலுக்குள் என்ன வேலை செய்கிறது என்று வியக்காமல் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்பவர்கள் அதன் அழகை முழுவதுமாகத் தவறவிடுகிறார்கள். அவளுக்கு அன்று சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் உப்பு ஏன் கரைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சமையல் உப்பின் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு மோல் உப்பை, அதாவது 58.5 கிராம் உப்பை, தனித்தனி அயனிகளாகப் பிரிக்க ஏறக்குறைய 788 கிலோஜூல் ஆற்றல் தேவை. அந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது வெளிப்படும் ஆற்றலோ ஏறக்குறைய 784 கிலோஜூல். செலவும் வரவும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகிவிடுகின்றன. மீதியுள்ள 4 கிலோஜூல் பற்றாக்குறையை நீர் தன் வெப்பத்திலிருந்து ஈடுசெய்கிறது. 1 லிட்டர் நீரில் 58.5 கிராம் உப்பைக் கரைத்தால் வெப்பநிலை 1 டிகிரிக்கும் சற்றுக் குறைவாக இறங்கும்; நல்ல வெப்பமானி வைத்துப் பார்த்தால் பள்ளி ஆய்வகத்திலேயே இது தெரியும். ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தால் கரைவதால் உப்புக்கு எந்த லாபமும் இல்லை, சொல்லப்போனால் சிறு நட்டம்தான். ஆயினும் 100 கிராம் நீரில் 36 கிராம் வரை அது தாராளமாகக் கரைகிறது.

இதே புதிரை வாயுப் பாடத்திலும் காணலாம். ஒரு கலத்தில் வாயுவை அடைத்து, அதனருகே வெற்றிடமாக உள்ள இன்னொரு கலத்தை வைத்து, இடையிலுள்ள குழாயைத் திறந்துவிட்டால் வாயு உடனே இரண்டு கலங்களிலும் பரவிவிடும். 1845-இல் ஜூல் இப்படித்தான் ஒரு சோதனை செய்து பார்த்தார். நல்லியல்பு வாயுவாக, அதாவது மூலக்கூறுகளிடையே ஈர்ப்பே இல்லாத வாயுவாக, இருந்தால் அப்போது அதன் ஆற்றலில் எந்த மாற்றமும் இருக்காது. வெப்பநிலை கூடாது, குறையாது. ஆற்றலில் லாபமே இல்லாமல் அது பரவுவதற்குக் காரணம், மூலக்கூறுகள் பெரிய இடத்தில் அமைந்திருக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை சிறிய இடத்தில் இருப்பதைவிட எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு அதிகம் என்பதே. என்ட்ரோபி என்று ஏழாவது பாடத்தில் நாம் படிப்பது இதைத்தான். உப்பைக் கரையச் செய்வதும் அதே உந்துதல். படிகத்தில் அடைபட்டிருந்த அயனிகள் நீர் முழுவதும் பரவுகின்றன. அவற்றுக்கு நீர், வாயுவுக்கு வெற்றுக் கலம் அமைவதைப் போலவே அமைகிறது.

இந்த ஒற்றுமையை வெறும் உவமையாக விடாமல் அளந்து நிறுவியவர் நெதர்லாந்து நாட்டின் வாண்ட் ஹாஃப். தாவரவியலாளரான பெஃபர், நுண்துளைகள் கொண்ட மண்கலத்தின் சுவரில் காப்பர் ஃபெரோசயனைடு படலத்தை உண்டாக்கி, நீரை மட்டும் விட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் சவ்வாக அதைப் பயன்படுத்தி, சர்க்கரைக் கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை 1877-இல் அளந்து வைத்திருந்தார். அந்த எண்களை எடுத்துக்கொண்ட வாண்ட் ஹாஃப், கரைந்துள்ள சர்க்கரை ஏற்படுத்தும் அழுத்தம், அதே எண்ணிக்கையிலான மூலக்கூறுகள் அதே கன அளவில் வாயுவாக இருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ அதற்குச் சமமாக இருப்பதைக் கண்டார். 30 டிகிரி செல்சியஸில் 0.1 மோல் வாயுவை 1 லிட்டர் கலத்தில் அடைத்தால் அழுத்தம் சுமார் 2.5 பார் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 0.1 மோல் சர்க்கரையை, அதாவது 34.2 கிராமை, 1 லிட்டர் கரைசலாக்கினால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தமும் சுமார் 2.5 பார். ஆர் அந்தச் சமன்பாட்டில் வந்து அமர்ந்த கதை இதுதான். உப்புக்கு மட்டும் கணக்கு ஏறக்குறைய இரு மடங்காக வந்ததற்கு, அது கரையும்போது இரண்டு அயனிகளாகப் பிரிகிறது என்று விளக்கம் தந்தவர் அர்ரீனியஸ். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் வாண்ட் ஹாஃபுக்கும், 1903-இன் பரிசு அர்ரீனியஸுக்கும் கிடைத்தன. கரைசல் மிகச் செறிவானால் இந்த எளிய சமன்பாடு பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும். உயர் அழுத்தத்தில் வாயுக்கள் நல்லியல்பிலிருந்து விலகுவதைப் போன்றதுதான் அதுவும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பழைய வட ஆற்காட்டில் தோல் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. 2019-இல் வேலூர் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபோது தோல் ஷெட்டுகளும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று பக்கமும் பிரிந்தன. பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க, அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு அளவுக்கு உப்பைத் தேய்த்து வைக்கிறார்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 300 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தின் முன்னால் தோலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது, தோலை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகளின் உடலிலுள்ள நீரும் இழுக்கப்பட்டு அவை செயலிழந்துபோகின்றன. எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இந்த விதியால்தான்.

பதனிடத் தொடங்கும்போது அந்தத் தோலை முதலில் நீரில் ஊறவைக்கிறார்கள். உப்பு முழுவதும் நீரில் கரைந்துவிடுகிறது. கரைவதற்கு யாரும் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. என்ட்ரோபி அந்த வேலையைத் தானே முடித்துவிடுகிறது. அந்த நீர் பல ஆண்டுகள் பாலாற்றுப் படுகையின் மண்ணிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. தோல் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே அதற்கான விலையையும் தர வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றித்தான் மக்கள் அதிகம் பேசுகிறார்கள். அதன் கேடு உண்மையானதே. ஆனால் குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்ற காரத்தைச் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம், உப்பை அப்படிப் பிரிக்க வழியில்லை. சோடியமும் குளோரைடும் எதனோடும் எளிதில் வீழ்படிவாவதில்லை. வேதியியல் நோக்கில் பார்த்தால், மிகச் சாதுவான பொருளான உப்புதான் இங்கே மிகக் கடினமான சிக்கல்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. அந்த 2000-ஐ வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அத்தனையும் சமையல் உப்பு என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 2 கிராம், அதாவது 0.034 மோல், அயனிகளாக 0.068 மோல். 30 டிகிரியில் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 1.7 பார், 17 மீட்டர் உயரத்திற்கு நிற்கும் நீரின் அழுத்தத்திற்குச் சமம். நாக்கில் சற்றுக் கரிக்கும் போர் தண்ணீருக்குள் இவ்வளவு அழுத்தம் ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

கேன் தண்ணீர் நிரப்பும் கடையில், உப்பு நீரை அழுத்திச் சவ்வின் வழியே நல்ல நீரை மட்டும் வெளியேற்றும் ஆர்.ஓ. இயந்திரத்தின் முகப்பிலுள்ள அழுத்தமானியை உற்றுப் பார்த்தால் முள் பெரும்பாலும் 10 பாரை ஒட்டி நிற்கும். 1.7 பார் போதுமென்றால் 10 எதற்கு என்று கேட்கலாம். நல்ல நீர் சவ்வைக் கடந்து போகப்போக மீதி நீரில் உப்பு செறிந்துகொண்டே போகிறது. பாதி நீரை எடுத்துவிட்டால் எஞ்சியதன் அழுத்தம் 3.4 பார் ஆகிவிடும். அதற்கு மேலும் அழுத்தினால்தான் நீர் கடைக்குத் தேவையான வேகத்தில் சவ்வின் வழியே வரும். கோடையில் போர் தண்ணீரில் உப்பு ஏறும்போது கேன் நிரம்ப அதிக நேரமாவதற்குக் காரணமும் இதுவே. அந்தச் சவ்வை ஓர் உந்துதண்டாக எண்ணிப் பார்க்கும்படி நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு: நீருக்கு அதில் வழி உண்டு, அயனிகளுக்கு இல்லை. ஆகவே பம்ப் செய்வது, பரவிக் கிடக்கும் அயனிகளைச் சிறிய இடத்திற்குள் ஒடுக்கும் வேலை. சைக்கிள் பம்பில் காற்றை ஒடுக்குவதற்கும் இதற்கும் சமன்பாட்டளவில் வேறுபாடு இல்லை. தானாகப் பரவியதைத் திரும்ப ஒடுக்க வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையைத்தான் மின்வாரியம் யூனிட் கணக்கில் வசூலிக்கிறது.

அந்த வேலை எவ்வளவு என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். தோல் ஊறிய நீரில் லிட்டருக்கு 20 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 17 பார். அதிலிருந்து 1000 லிட்டர் நல்ல நீரைப் பிரிப்பதற்குக் கோட்பாட்டளவில் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல், 17 பாரை 1 கன மீட்டரால் பெருக்க வரும் 1700 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம். நடைமுறையில் இதைப்போலப் பல மடங்கு ஆகும் என்றாலும் எட்டக்கூடிய அளவுதான். அதே 1000 லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிப் பிரிப்பதானால், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கவும் பின்னர் ஆவியாக்கவும் சேர்த்து லிட்டருக்கு 2550 கிலோஜூல் வீதம் சுமார் 700 யூனிட் தேவை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்றைச் சிறிதும் வீணாக்காமல் எரித்தாலும் 250 லிட்டர் அளவுக்குத்தான் ஆவியாக்க முடியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சவ்வைக் கொண்டே முடித்துவிடலாமே என்று தோன்றும். வாண்ட் ஹாஃபின் சமன்பாடு அதற்கு இடம் தருவதில்லை. உப்பு லிட்டருக்கு 70 கிராமை எட்டும்போது எதிர்த்து நிற்கும் அழுத்தம் 60 பாரை நெருங்கிவிடும்; அதற்கு மேல் சவ்வும் பம்பும் ஈடுகொடுப்பது கடினம். ஆகையால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் ஆர்.ஓ., அது ஒதுக்கிய செறிந்த நீருக்கு ஆவியாக்கிகள் என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அந்த ஆவியாக்கிகளிலும் வாயுப் பாடம் வந்துவிடுகிறது. முதல் கலத்தில் எழும் நீராவியைக் குளிர்வித்து வீணாக்காமல் அடுத்த கலத்தைச் சூடாக்க அனுப்புகிறார்கள்; அடுத்த கலத்தின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் அங்கே நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. 0.2 பார் அழுத்தத்தில் நீரின் கொதிநிலை 60 டிகிரிதான். ஒரே வெப்பத்தை இப்படி மூன்று நான்கு முறை பயன்படுத்திக்கொள்கிறார்கள். இத்தனைக்குப் பிறகு மிஞ்சும் உப்பும் தூய உப்பாக இருப்பதில்லை. சல்ஃபேட்டும் கரிமப் பொருள்களும் கலந்த பழுப்பு நிறக் கலவையாகிய அதற்கு வாங்குவோர் கிடைப்பது கடினம் என்பதால், மழை படாத கொட்டகைகளில் அதைக் குவித்துவைக்கும் நிலை வருகிறது. மழை பட்டால் முழுவதும் மறுபடியும் கரைந்துவிடும்.

ஆகவே என் பார்வையில் இந்தத் தொழிலில் நடக்கும் மிக அறிவார்ந்த வேலை, கோடிக்கணக்கில் செலவாகும் எந்த இயந்திரத்திலும் நடப்பதில்லை. ஊறவைப்பதற்கு முன்பே தோலை மரச்சட்டத்தின் மேல் அடித்து, ஒட்டியிருக்கும் உப்பை உலர்ந்த நிலையிலேயே உதறிவிடும் முறை ஒன்று உண்டு. தோலின் சதைப்பக்கம் கீழ்நோக்கி விழும்படி ஓங்கி அடிக்கும்போது, ரவையைவிடப் பெரிய, ஈரம் படிந்து சாம்பல் நிறமேறிய உப்புக் கற்கள் பொலபொலவென்று கீழே உதிர்கின்றன. அந்த உப்பு இன்னும் படிகமாகவே இருக்கிறது. அதன் அயனிகள் இன்னும் பரவத் தொடங்கவில்லை. அதைப் பிரிக்கத் தேவைப்படுவது இரண்டு பேரின் கைவலிமை மட்டுமே. அதே 1 கிலோ உப்பை ஊறல் தொட்டிக்குள் போக விட்டால், லிட்டருக்கு 20 கிராம் வீதம் அது 50 லிட்டர் நீரில் பரவிவிடும். அந்த 50 லிட்டரையும் நேரடியாகக் கொதிக்கவைத்து உப்பை மீட்பதற்கு 35 யூனிட் தேவைப்படும்.

இந்த ஆண்டு நான் பாடங்களின் வரிசையை மாற்றியிருக்கிறேன். வாயு நிலைமை முடிந்த கையோடு சவ்வூடு பரவல் அழுத்தத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகு என்ட்ரோபிக்கு வருகிறேன். பள்ளியில் நடக்கும் வரிசையோடு இது பொருந்தாது என்று பெற்றோர் சிலர் தயங்கினார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியின் தந்தை தோல் ஷெட்டில் வேலை பார்ப்பவர், உப்பு உதறும் கணக்கை மகள் நோட்டில் போட்டுக் காட்டியதும், மரச்சட்டம் எவ்வளவு உயரம் இருக்கும், ஒரு தோலுக்கு எத்தனை அடி அடிப்பார்கள் என்பதையெல்லாம் அவரே விளக்கி எழுதி அனுப்பியிருந்தார்.