மாலை நடையும் ஏடிஸ் கொசுவும்

மாலை நடைக்குக் கிளம்பும்போது கொசுவிரட்டிக் களிம்பைக் கையில் மட்டும் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வோர் பலர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் கணுக்காலையும் பாதத்தையும் தேடி வருவது, அதுவும் விடிந்த சில மணி நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் மும்முரமாகக் கடிப்பது. ஆகவே, டீட் அல்லது பிகாரிடின் என்னும் கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்த களிம்பைத் துணி மூடாத இடமெங்கும், குறிப்பாகச் செருப்பு வார்களுக்கு இடையிலும் குதிகாலுக்கு மேலும், விடுபடாமல் தடவ வேண்டும். தடவாத இரண்டு விரற்கடை இடத்தைக் கொசு எப்படியும் கண்டுபிடித்துவிடும். சன்ஸ்கிரீன் பூசுவதாயின் அதை முதலில் பூசி, உலர்ந்தபின் கொசுவிரட்டிக் களிம்பைத் தடவுவதே முறை. வியர்வை வழிந்தால் மீண்டும் தடவத்தான் வேண்டும். கொசுவை விரட்டுவதாக விற்கப்படும் ஒலிக் கருவிகளை நான் நம்புவதில்லை. சோதனைகளில் அவை தேறியதில்லை. இறுக்கமான லெகிங்ஸ் வழியே கொசுவின் ஊசி எளிதில் இறங்கும் என்பதால், தொளதொளவென்ற வெளிர்நிறப் பருத்திக் கால்சட்டையையே அணிகிறேன்.