பழைய மதிப்பு

"காலியா இருக்கறதுக்குப் பழசு இருக்கறது மேல்" என்று நான்தான் சொன்னேன். மூன்று மாதமாக அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்ன நேரத்தில் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

எங்கள் குடோன் நிரல் ஹாஸ்கெல் (Haskell) மொழியில் எழுதியது. குடோனில் எந்தெந்த ரேக் இடம் காலி என்ற பட்டியலை ஓர் எம்வாரில் வைத்திருந்தோம். எம்வார் (MVar) என்பது ஒரே ஒரு மதிப்பை வைக்கும் பெட்டி; ஒருவர் எடுத்துவிட்டால், திருப்பி வைக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கோரிக்கை வந்தால் டேக்எம்வார் போட்டுப் பட்டியலை எடுப்போம். ஓர் இடத்தைத் தேர்ந்து லேபிள் பிரிண்டருக்கு அனுப்புவோம். பதில் வந்ததும் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அந்த இடத்தை நீக்கிய பட்டியலைப் புட்எம்வார் போட்டுத் திருப்பி வைப்போம். மொத்தத்தையும் சுற்றி ஒரு டைம்அவுட் 3000000, மைக்ரோவிநாடிக் கணக்கு, அதாவது 3 விநாடி. அந்த டைம்அவுட்டைச் சேர்த்ததும் நான்தான்.

ஒருநாள் சாயங்காலம் லேபிள் ரோல் தீர்ந்து பிரிண்டர் பதில் சொல்லாமல் நின்றது. 3 விநாடியில் டைம்அவுட் வெளியிலிருந்து ஓர் எக்செப்ஷனை (வேலையை முறிக்கும் சைகை) எறிந்து, அந்தக் கோரிக்கையைக் கவனித்துக்கொண்டிருந்த த்ரெட்டை நடுவிலேயே நிறுத்தியது. எடுத்த பட்டியலைத் திருப்பி வைக்க அங்கே யாரும் இல்லை. அப்புறம் வந்த ஒவ்வொரு கோரிக்கையும் காலி எம்வாரின் முன்னால் 3 விநாடி நின்று, டைம்அவுட் ஆகி விழுந்தது. லாக் முழுக்க டைம்அவுட் என்றே இருந்ததால் நாங்கள் பிரிண்டரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். ரோல் மாற்றியாகிவிட்டது, கேபிள் மாற்றியாகிவிட்டது, ஒன்றும் நகரவில்லை. வாசலில் லாரிகள் நின்றன. கடைசியில் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் ஓடியது.

டேக்குக்கும் புட்டுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி எனக்குப் புதிது இல்லை. 2001இல் சைமன் மார்லோ, சைமன் பெய்டன் ஜோன்ஸ் முதலானோர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தச் சிக்கல் பேசப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் எக்செப்ஷனைக் கொஞ்ச நேரம் தள்ளி நிறுத்த அவர்கள் பிளாக், அன்பிளாக் என்று தந்த தீர்வுதான் பின்னால் மாஸ்க் ஆனது. இதையெல்லாம் படித்தவள்தான் நான். நடுவில் இருப்பது வெறும் கணக்கு, வெடிக்க ஒன்றுமில்லை என்று நினைத்து எழுதிய நிரல் அது. பிரிண்டர் அழைப்பு பிறகுதான் அதற்குள் வந்தது.

அன்று இரவு பதினொரு மணிக்குத் தம்பி (எங்கள் குழுவிலேயே வயதில் சின்னவன்) கேட்டான்: "அக்கா, மாடிஃபைஎம்வார் போட்டுட்டா போதும்ல? நடுவுல எது வெடிச்சாலும் அதுவே பழசைத் திருப்பி வெச்சிடும்."

"போதும். போட்டுடு."

அவன் உடனே தட்டச்சத் தொடங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, "பழசே திரும்பி வந்தா பரவாயில்லையா?" என்றான். அதற்குத்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்துக் குடோன் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "மேடம், ஒரே இடத்துக்கு ரெண்டு லேபிள் வந்திருக்கு." பிரிண்டர் லேபிளை அடித்துவிட்டது, பதில்தான் தாமதம். 3 விநாடி தாண்டியதும் மாடிஃபைஎம்வார் பழைய பட்டியலை ஒழுங்காகத் திருப்பி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் அந்த இடம் காலி. அடுத்து வந்த பெட்டிக்கும் அதையே கொடுத்துவிட்டது. லாக்கில் ஒரே ஒரு டைம்அவுட் வரி, அவ்வளவுதான். மாடிஃபைஎம்வார் சொன்ன வாக்கை அப்படியே காப்பாற்றியது. நினைவகத்தில் இருக்கும் மதிப்பைப் பற்றித்தான் அது வாக்குக் கொடுத்தது. காகிதத்தில் ஏறிவிட்ட மையைப் பற்றி அது எதுவும் சொன்னதில்லை. தம்பி கேட்டதும் இதைத்தான். அன்று எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

எனக்காக நானே வாதாடுவதும் உண்டு. எம்வார் காலியாகவே நின்றிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ரீஸ்டார்ட் செய்திருப்போம், டேட்டாபேஸிலிருந்து அதே பழைய பட்டியல்தான் ஏறியிருக்கும், அதே இரண்டு லேபிள்தான் வந்திருக்கும். இது உண்மை. ஆனால் எல்லாம் நின்றுபோயிருந்தால் யாராவது பிரிண்டர் வரை நடந்து போயிருப்பார்கள். தட்டில் கிடக்கும் லேபிளை எடுத்துப் பார்த்திருப்பார்கள். அந்த நடையை நான் இல்லாமல் செய்துவிட்டேன். இந்த வாதத்தில் நான் ஜெயித்ததே இல்லை.

இப்போது பட்டியல் டிவாருக்கு (TVar) மாறிவிட்டது. அதை எஸ்டிஎம் (STM) பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு தொகுப்புக்குள்தான் மாற்ற முடியும். எஸ்டிஎம் பரிவர்த்தனைக்குள் எக்செப்ஷன் வந்தால் அதில் செய்த மாற்றங்கள் எதுவும் நிற்காது. அதை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, அந்தப் பரிவர்த்தனையை ஓட்டும் அட்டாமிக்கலிக்குள் பிரிண்டரை அழைக்கவே கம்பைலர் விடாது என்பதுதான். வகை (type) பொருந்தாது, முடிந்தது கதை. வேறு வழியில்லாமல் வேலையை மூன்றாகப் பிரித்தேன். முதலில் இடத்தைப் 'பிடித்தது' என்று குறிப்பது, பிறகு அச்சடிப்பது, கடைசியில் 'நிரம்பியது' என்று மாற்றுவது. டேட்டாபேஸிலும் இதே மூன்று நிலைகள். நடுவில் வெட்டுப்பட்டால் அந்த ஓர் இடம் மட்டும் 'பிடித்தது' என்றே நிற்கும். ஒருவர் நேரில் போய்ப் பார்த்து விடுவிக்க வேண்டும். மற்ற இடங்கள் வழக்கம்போல் ஓடும். இதுதான் முறை என்று அப்போது உறுதியாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், பெரும்பாலும்.

போன வாரம் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பிடித்தது' என்று ஆறு இடங்கள் மஞ்சளாக நின்றன. ரேக் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் ஆறையும் வரிசையாக அழுத்தி விடுவித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு கோரிக்கை வந்திருக்கிறது: அரை மணி நேரத்துக்கு மேல் மஞ்சளாக நிற்கும் இடங்களைத் தானாகவே காலியாக்கிவிட முடியுமா? தம்பி இப்போது வேறு குழுவில் இருக்கிறான். அந்தக் கோரிக்கையை அவனுக்கு அனுப்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். நான் இன்னும் பதில் எழுதவில்லை.