1970 செவர்லே பிக்கப்: திமில் தகடு மாற்றிய நாட்குறிப்பு

2024 மார்ச் 23, சனி

அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் குளிர் இன்னும் விடவில்லை. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் கோடை முழுவதும் வண்டி கராஜிலேயே கிடக்கும் என்பதால், இன்று 1970ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப்பின் இருக்கையைக் கழற்றி, ரப்பர் விரிப்பைச் சுருட்டி வெளியே போட்டேன்.

கேபின் தரையின் நடுவே, கியர்பாக்ஸுக்கு இடம் விட்டு எழும்பி நிற்கும் பகுதி ஒன்று உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காளையின் திமில்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்தக் குறிப்புகளில் திமில் என்றே எழுதுகிறேன். 1967 முதல் 1972 வரை வந்த இந்த வரிசையில் அது இரண்டு வகைப்படும். பழைய அம்பாசடரைப் போல ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க் கோல் இருக்கும் மூன்று கியர் வண்டிகளுக்குத் தரையோடு ஒரே தகடாக அச்சில் அழுத்திய தாழ்ந்த திமில் போதும். உயரமான நான்கு கியர் பெட்டி வைத்த வண்டிகளுக்கோ தரையில் பெரிய வாய் ஒன்றை விட்டு, அதன்மேல் தனியே கழற்றக்கூடிய உயர்ந்த திமிலை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள்.

என் வண்டி முதல் வகையாகப் பிறந்தது. பின்னால் யாரோ ஒருவர் எஸ்எம்465 என்ற நான்கு கியர் பெட்டியை அதில் ஏற்றியிருக்கிறார். நல்ல பெட்டிதான், வார்ப்பிரும்பு உடல். முதல் கியரின் விகிதம் 6.55, அதாவது எஞ்சின் ஆறரைச் சுற்றுக்குமேல் சுற்றினால்தான் பின்னே போகும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். பாரம் ஏற்றிய வண்டியை நகர்த்தத்தான் அந்தக் கியர் வேண்டும். வெறும் வண்டியை இரண்டாவதிலேயே எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு இடம் செய்வதற்காகத் தாழ்ந்த திமிலைக் கேஸ் கட்டிங்கால் கண்டபடி அறுத்து, ஓட்டையை மூட என்ன வைத்திருந்தார் என்பதை விரிப்பை எடுத்த பிறகுதான் பார்த்தேன். சாலையோரத்தில் நிற்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்று, கறுப்பு அம்புக்குறியோடு, ரிவெட் அடிக்கப்பட்டு, விளிம்பெல்லாம் கூரைத் தார் பூசப்பட்டுக் கிடந்தது. பலகையின் அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பனிக்காலத்தில் இந்த ஊர்ச் சாலைகளில் கொட்டும் உப்பும், தாருக்கு அடியில் தங்கிய ஈரமும் சேர்ந்து இரும்பையும் விட்டுவைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால், பிஸ்கட்டில் குத்தியதுபோல் உள்ளே போகிறது.

2024 மார்ச் 24, ஞாயிறு

இன்று எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றிலேயே பொழுது போயிற்று.

இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் நிற்கிறது. 1973இல் வந்த அடுத்த வடிவத்தில்தான் அது வெளியே, சேஸிஸ் எனும் அடிச்சட்டத்துக்குப் பக்கத்தில் போனது. தீப்பொறி பறக்கும் வேலையை டேங்கிலிருந்து ஒரு கை தொலைவில் செய்ய முடியாது. காலி டேங்க்தானே என்று எண்ணுவதும் தவறு. நிறைந்த டேங்கைவிட, அடியில் ஒரு குவளை பெட்ரோலும் மேலே ஆவியும் நிற்கும் டேங்க்தான் பொல்லாதது. வடித்து, குழாய்களைக் கழற்றி, வாய்களை அடைத்து, தோட்டத்துக் கோடியில் இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினேன். தரையிலும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டிலும் ஒட்டியிருந்த தார்ப்பஞ்சை உளியால் சுரண்டியெடுத்தேன்; வெல்டிங் சூடு பட்டால் முதலில் புகைவது அதுதான்.

அண்டை வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் தகட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிரீஸைத் துடைக்க நான் எடுத்து வைத்திருந்த பிரேக் கிளீனர் டப்பாவைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, பேசாமல் வெளியே கொண்டுபோய் வைத்தார். குளோரின் கலந்த வகை அது. அதன் மிச்சத்தின்மேல் வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு வேலையைத் தொடங்கு என்றார்.

2024 மார்ச் 30, சனி

அரிசோனாவிலிருந்து தகடு வந்துவிட்டது. உப்பையும் ஈரத்தையும் அதிகம் அறியாத பாலைநில வண்டியிலிருந்து, உயர்ந்த திமிலுக்கான வாயோடு கூடிய நடுத்தரைப் பகுதியையும், அதை மூடும் திமிலையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புதிதாக அச்சடித்த தகடுகளும் கிடைக்கின்றன; ஆனால் பழைய தகட்டின் கனமும் வளைவும் என் வண்டியோடு அப்படியே பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். மேலே வெயிலில் வெளுத்த நீலம், கீழே மெல்லிய செம்மண் தூசி. விரலால் தேய்த்தால் தூசிக்கு அடியில் ஆலையில் அடித்த பிரைமர் இன்னும் இருக்கிறது! எங்கள் ஊர் வண்டிகளில் இதைக் காண முடியாது.

தகட்டின் அடியில் பழைய வண்டியின் குறுக்குச் சட்டத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆலையில் தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்த ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் தேடி, நடுவில் குறியடித்து, 8 மில்லிமீட்டர் கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் பிரிக்க வேண்டும். பெயின்டுக்கு அடியில் ஸ்பாட் வெல்டு கண்ணுக்குத் தெரியாது. கம்பி பிரஷ் போட்டால்தான் காசு அளவில் சிறு குழியாகத் தெரியும். இருபத்தாறு எண்ணினேன். இருபத்தேழாவது ஒன்று இருந்தது என்பது, உளியை வைத்து நெம்பித் தகட்டை ஓரத்தில் மடக்கிய பிறகு தெரிந்தது.

2024 ஏப்ரல் 6, சனி

பழைய தரையை அறுத்தாயிற்று. வந்த தகட்டைச் சுற்றிலும் 50 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுத் தரையின்மேல் பரப்பி, விளிம்பைக் கூர்முனையால் கீறி, அந்தக் கோட்டுக்கு உள்ளே முதலில் அறுத்து, பிறகு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வெட்டுச் சக்கரத்தால் கோடுவரை நெருங்கினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் வேலை எளிது. ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் தங்கும், இந்த ஊரில் அது பத்து வருடத்தில் மறுபடி இதே வேலையை வைக்கும். ஆகவே விளிம்போடு விளிம்பு சேரும்படி, வெல்டிங் கம்பி நுழையும் அளவு மட்டுமே இடைவெளி விட்டு வைத்தேன்.

எங்கே வைப்பது என்பதற்குக் கியர்க் கோலையே அடையாளமாகக் கொண்டேன். கோல் பெட்டியின் உச்சியிலிருந்து வருகிறது. திமிலின் துளை கோலைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்தால் எல்லாம் சரி என்பது என் எண்ணம். தகட்டை அதற்கேற்ப நகர்த்தி, கிளாம்ப் போட்டு, இருபத்திரண்டு இடங்களில் வெல்டிங் புள்ளி வைத்துப் பிடித்தேன். தரையில் ஆலையிலேயே அழுத்தியிருக்கும் வரிகள் இரண்டு தகடுகளுக்கும் நடுவே நேராக ஓடாமல், பின்பக்கம் ஒரு கட்டைவிரல் நகத்தளவு விலகியிருந்ததையும் பார்த்தேன். பழைய வண்டிகளில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் காபியோடு வந்த மகள், வண்டிக்குள் பார்க்காமல் வெளியே நின்றபடியே கேட்டாள்: “ஏம்பா, கேபின் தொட்டியை ஒரு பக்கம் இடிக்கிற மாதிரி நிக்குது?”

டேப்பை எடுத்து அளந்தேன். கேபினுக்கும் சரக்கு ஏற்றும் பின்தொட்டிக்கும் உள்ள இடைவெளி இடப்பக்கம் 30 மில்லிமீட்டர், வலப்பக்கம் 21. அடியில் படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கேபினைச் சேஸிஸ்மேல் தாங்கும் ரப்பர்களில் வலப்பக்கத்துப் பின் ரப்பர் நசுங்கி, பாதி கரைந்து, கேபின் அந்த மூலையில் தாழ்ந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு, தரையின் அடிப்பக்கத்தை எட்டுவதற்காக அதே போல்ட்டைச் சென்ற வாரம் நானே தளர்த்தியிருந்தேன். கேபின் கோணலாக நிற்கிறது, கியர்பாக்ஸோ சேஸிஸில் நேராக நிற்கிறது. கோலைப் பார்த்துத் தகட்டை வைத்ததால், கோணல் கேபினுக்குள் தகட்டையும் கோணலாக ஒட்டிவிட்டேன். இந்த நிலையில் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு அப்புறம் ரப்பரை மாற்றியிருந்தால், கேபின் நேராகும்போது திமில் கோலைவிட்டு விலகியிருக்கும்.

வரிகள் நேற்றே சொன்ன செய்திதான் இது. இரண்டு தகடுகளும் ஒரே அச்சு வடிவில் பிறந்தவை. கோல் சேஸிஸைச் சேர்ந்தது, வரி கேபினைச் சேர்ந்தது. கேபினுக்குள் ஒட்டும் தகட்டுக்குக் கேபினின் அடையாளத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு புள்ளிகளையும் வெட்டுச் சக்கரத்தால் அறுத்தேன். மதியம் முழுவதும் அதற்கே போயிற்று.

2024 ஏப்ரல் 8, திங்கள்

வேலை இல்லை. மதியம் மூன்றேகால் மணியளவில் முழுச் சூரிய கிரகணம். தெருவில் இரண்டு பேர் என் வெல்டிங் முகமூடியைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. தானே இருளும் வகை அது, வெல்டிங் பொறியைக் கண்டு இருளுவதற்காகச் செய்தது, சூரியனை நம்பி அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அட்டைக் கண்ணாடி வாங்கி வைத்திருந்த பெரியவர் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

2024 ஏப்ரல் 13, சனி

புதிய ரப்பர்கள் போட்டு, போல்ட்டுகளை முழுவதும் முடுக்கி, இருபக்க இடைவெளியும் 26க்கு வந்த பிறகே தகட்டைத் தொட்டேன். இம்முறை கோலைக் கழற்றியே வைத்தேன். இந்தப் பெட்டியில் அது சுலபம்: கோலின் அடியில் உள்ள மூடியைக் கீழே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கோல் கையோடு வந்துவிடும், திறந்த வாயைத் துணியால் அடைத்தேன். வரிகளை வரிகளோடு சேர்த்து, மேலே நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, கிளாம்ப் போட்டு, பிறகு கோலை மாட்டினேன். துளையின் நடுவிலிருந்து 3 மில்லிமீட்டர்தான் விலகல். ரப்பர் உறை அதை மறைத்துவிடும்.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பொறுமையைத் தவிர. 0.6 மில்லிமீட்டர் கம்பி, முக்கால் பங்கு ஆர்கானும் கால் பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. ஒரு விநாடி அழுத்தம், ஒரு புள்ளி. அடுத்த புள்ளி அதன் பக்கத்தில் அல்ல, எதிர் மூலையில். சுற்றளவு ஏறத்தாழ மூன்று மீட்டர். புள்ளிகளுக்கு நடுவே புள்ளி, அவற்றுக்கு நடுவே மறுபடி புள்ளி என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். வேகமாக முடிக்க நினைத்து ஓரிடத்தில் ஒரு விரல் நீளம் தொடர்ந்து ஓட்டினேன். கண்ணெதிரே தகடு அப்பளம்போல் உப்பியது. அந்த இடத்தைக் கீழிருந்து இரும்புக் கட்டை வைத்துத் தாங்கி, மேலிருந்து சுத்தியால் மெல்லத் தட்டி நீட்டிய பிறகே தொடர முடிந்தது. அந்த அரைமணி நேரம் பெரியவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு கேபினுக்கு அடியில் படுத்திருந்தார். நான் எங்கே தட்டுகிறேன் என்பதைக் கண்ணால் பார்க்காமல், கைக்கு வரும் அதிர்விலேயே அறிந்து கட்டையை நகர்த்தினார். தட்டும் ஓசை மந்தமானால் கட்டை சரியாக அடியில் இல்லை என்று பொருளாம். அதன்பிறகு நானும் காதால்தான் தட்டினேன்.

குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடங்களில், தகட்டில் துளையிட்டு, அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்பினேன். நடுவில் மறைந்துபோகும் பரப்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமரை முன்கூட்டியே பூசியிருந்தேன். துளையைச் சுற்றி மட்டும் அதைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு பொங்கித் தெறிக்கும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் வரும். கராஜின் இரு கதவுகளையும் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்தேன். நாளை சித்திரை முதல் நாள். வண்டிப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

2024 ஏப்ரல் 20, சனி

கிரைண்டரால் வெல்டைச் சமன் செய்து, இருட்டில் அடியில் விளக்கை வைத்துப் பார்த்தேன். ஊசி முனை அளவில் ஏழு வெளிச்சப் புள்ளிகள். அவற்றை அடைத்து, மேலும் கீழும் பிரைமர் அடித்து, இணைப்பு ஓடும் தடம் முழுவதும் சீலரை விரலால் இழுத்துப் பூசினேன். வெல்டைக் கண்ணாடிபோல் தேய்க்கவில்லை. மேலே விரிப்பு வருகிறது. அழகுக்காகத் தேய்த்தால் தகட்டின் கனம்தான் குறையும்.

2024 ஏப்ரல் 27, சனி

உயர்ந்த திமிலைப் பஞ்சு நாடா வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கி, ரப்பர் உறையையும் வளையத்தையும் மாட்டினேன். டேங்க், இருக்கை, பேட்டரி எல்லாம் அவற்றின் இடத்துக்குத் திரும்பின. தெருக்கோடிவரை ஓட்டினேன். இதுவரை மூன்றாவது கியரில் காலடியில் கேட்டுக்கொண்டிருந்த கிடுகிடுப்பு இல்லை. பெட்டியின் சூடும் எண்ணெய் வாடையும் உள்ளே வரவில்லை. ரிவர்ஸ் போடும்போது கோல் இருக்கையின் விளிம்பை உரசுகிறது. இருக்கையை ஒரு துளை பின்னுக்குத் தள்ளினால் தீரும்.

திரும்பி வந்து கேபினின் அடியில் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிப் பார்த்தோம். புதிய இணைப்பில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் இடப்பக்கத்தில், இடது காலால் அழுத்தும் ஹெட்லைட் டிப்பர் சுவிட்ச்சைச் சுற்றி நூல்போல் நீர் கசிந்து ஏறியது. நான் தொடாத இடம். பழைய ரப்பர் வளையம் கல்லாகிவிட்டது. திங்கட்கிழமை புதியது வாங்க வேண்டும். அதுவரை விரிப்பை விரிக்கப் போவதில்லை.